இருதய சத்திரசிகிச்சையும் சிறுநீரகமும்

இருதயத்தைத் திறந்து பழுதுபார்க்கும் சத்திரசிகிச்சையின் வெற்றி தோல்வியை இருதயத்தைக் கொண்டே மதிப்பிடுவது உலக வழக்கு. அடைபட்ட முடியுருநாடிக்கு மாற்றுவழி அமைந்ததா, பழுதுற்ற வால்வு சீராகத் திறந்து மூடுகின்றதா என்பனவே வெளியே காத்திருக்கும் உறவினர் கேட்கும் வினாக்கள். வைத்தியரும் முதலில் அவற்றுக்கே விடை கூறுவர். ஆயினும் இச்சத்திரசிகிச்சைக்கு உட்பட்டோருள் ஒரு சாராரின் வாழ்வைத் தீர்மானிப்பது கத்தி படாத பிறிதோர் உறுப்பாகும். அதுவே சிறுநீரகம்.

அமெரிக்காவில் முன்னாட் படைவீரருக்கான வைத்தியசாலைகளில் இருதய சத்திரசிகிச்சை பெற்ற 42,773 பேரைப் பற்றிய ஆய்வொன்று 1998 இல் வெளிவந்தது. அவர்களுள் 1.1 சதவீதத்தினருக்கே குருதிச் சுத்திகரிப்பு வேண்டப்படும் அளவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அச்சிறு தொகையினருள் இறந்தோர் 63.7 சதவீதம், ஏனையோருள் இறந்தோர் 4.3 சதவீதம். முன்னரே நலிந்திருந்தவர்களுக்குத்தானே சிறுநீரகமும் செயலிழந்திருக்கும், ஆதலால் இவ்வேறுபாட்டில் வியப்பென்ன என ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. ஆனால், வயது, இருதயத்தின் நிலை, உடனிருந்த பிற நோய்கள் ஆகியவற்றையெல்லாம் கணக்கிற்கொண்டு நோக்கிய பின்னரும் சிறுநீரகச் செயலிழப்பு மரணத்தின் தனியொரு காரணியாக எஞ்சி நின்றது. இருதயத்திற் செய்யப்படும் செயலொன்று சிறுநீரகத்தை எவ்வாறு தாக்குகின்றது, அத்தாக்கத்தை நாம் எதனைக் கொண்டு அறிகின்றோம், அவ்வறிதலில் யாருடைய பாதிப்புக் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றது என்பன ஈண்டு ஆராயப்படும்.

சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து உடல் நிறையில் இருநூற்றில் ஒரு பங்கு அளவினவே. எனினும் இருதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அவற்றுக்குச் செல்கின்றது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் சிறுநீரகத்திகள் உள. ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் கலன்கோளம் எனப்படும் மயிர்த்துளைக் குழாய்த் திரளொன்று உண்டு. அதனூடாக வடியும் திரவத்தின் அளவு நாளொன்றுக்கு 180 லீற்றர். நாம் கழிக்கும் சிறுநீரோ ஒன்றரை லீற்றரளவே. எஞ்சியதனைத்தையும் சிறுகுழாய்கள் மீள உறிஞ்சிக் குருதிக்கே திருப்பி அனுப்புகின்றன. வடிதலுக்கு வேண்டிய அமுக்கத்தை இருதயம் வழங்குகின்றது. மீளவுறிஞ்சலுக்கு வேண்டிய சக்தியையோ சிறுகுழாய்க் கலங்களே ஒட்சிசனைக் கொண்டு உண்டாக்க வேண்டும்.

இங்குதான் ஒரு முரண்பாடு தென்படுகின்றது. உறுப்பை முழுமையாக நோக்கின் சிறுநீரகம் தனக்கு வேண்டியதிலும் பன்மடங்கு குருதியைப் பெறுகின்றது. ஆனால் அக்குருதியின் பெரும்பகுதி வெளிப்புறமான மேற்பட்டைக்கே பாய்கின்றது. உட்புறமான மையவிழையத்துக்குக் கிடைப்பது சிறுபகுதி. மேற்பட்டையில் ஒட்சிசனின் அமுக்கம் 50 மில்லிமீற்றர் இரச அளவிலிருக்க, மையவிழையத்தில் அது 10 இற்கும் 20 இற்கும் இடைப்பட்டே காணப்படுகின்றது. சிறுநீரைச் செறிவாக்கும் பொருட்டு அப்பகுதியிலே உப்பைத் தேக்கிவைத்தல் வேண்டும். குருதி விரைந்து பாயின் அவ்வுப்பு அடித்துச் செல்லப்படும். ஆகவே அங்கே மந்தமான குருதியோட்டம் இயற்கையின் ஏற்பாடாகும். அதே இடத்திலேதான் உப்பை ஏற்றும் கடின உழைப்பும் நடைபெறுகின்றது. கிடைக்கும் சொற்ப ஒட்சிசனில் மிகப் பெரும் பங்கைச் செலவிட்டு அன்றாடம் விளிம்பிலே வாழும் பகுதி அது. நீரை வீணாக்காது தரையில் வாழும் உயிரினத்தின் ஆற்றலுக்கு நாம் கொடுக்கும் விலை இதுவெனலாம். சாதாரண நாட்களில் இவ்விலை தெரிவதில்லை. வழங்கல் சற்றுக் குறையினும் முதலில் மூச்சுத் திணறுவது இம்மையவிழையமே.

வழங்கல் குறையும் சந்தர்ப்பங்களுள் இருதய சத்திரசிகிச்சை முதன்மையானது. 1953 மே 6 ஆந் திகதி பிலடெல்பியா நகரில் ஜோன் கிபன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், இருதய அறைகளுக்கிடையிலே துவாரமிருந்த 18 வயது யுவதியொருத்தியின் இருதயத்தைத் திறந்து அதனை அடைத்தார். அப்போது 26 நிமிடங்களுக்கு அவளுடைய இருதயத்தினதும் நுரையீரலினதும் பணியை இயந்திரமொன்று ஏற்றிருந்தது. இருதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் வெற்றிகண்ட முதற் சத்திரசிகிச்சை அதுவே. அன்று தொட்டு இயந்திரம் பெரிதும் திருந்தியுள்ளது. எனினும் அதன் அடிப்படை மாறவில்லை: நாளத்துக் குருதி உடலுக்கு வெளியே பிளாத்திக்குக் குழாய்களுக்குள் எடுக்கப்பட்டு, ஒட்சிசன் ஏற்றப்பட்டு, பம்பியினால் பெருநாடிக்குள் திருப்பி அனுப்பப்படுகின்றது.

இச்செயன்முறை சிறுநீரகத்துக்கு இழைக்கும் இன்னல்கள் பல. குழாய்களை நிரப்பும் பொருட்டு ஒரு லீற்றர் வரையிலோ அதற்கு மேலோ திரவம் சேர்க்கப்படுவதனால் குருதி ஐதாகின்றது. ஐதான குருதி காவும் ஒட்சிசனும் குறைவு. இத்தாலிய ஆய்வாளர் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பரப்பின் சதுரமீற்றருக்கு நிமிடமொன்றுக்கு 272 மில்லிலீற்றர் என்னும் அளவுக்குக் கீழே ஒட்சிசன் வழங்கல் வீழ்ந்தோரிடத்துச் சிறுநீரகச் செயலிழப்பு அதிகமாகக் காணப்பட்டது. குருதி எவ்வளவு ஐதாயிற்று என்பதை மட்டும் பார்த்தாற் போதாது, ஐதான குருதியை எவ்வளவு வேகத்திற் பாய்ச்சினோம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அதன் பொருள். இயந்திரத்தை இயக்குபவரின் கைக்குள் அடங்கிய விடயம் இது. உடலைக் குளிர்வித்துப் பின் மீளச் சூடாக்கும் வேளையில் கலங்களின் ஒட்சிசன் தேவை வழங்கலை முந்திக்கொண்டு உயர்வதும் உண்டு. பெருநாடியைக் கவ்வியாற் பிடிக்கும்போதும் விடும்போதும் அதன் உட்சுவரிற் படிந்துள்ள கொழுப்புத் துணிக்கைகள் கழன்று சிறுநீரகக் கலன்களை அடைத்தலும் உண்டு. முதியோரிடத்து இது கூடுதல்.

இவற்றுள் எம் கவனத்தை மிகவும் ஈர்ப்பது செங்குழியங்களின் சிதைவு. பம்பியும் உறிஞ்சியும் செங்குழியங்களை நசுக்கும்போது ஈமோகுளோபின் வெளியே கொட்டுண்கின்றது. குழியத்துக்குள் அடைபட்டிருக்கும் வரை உயிர்காக்கும் இப்பொருள், குருதித் திரவத்திற் சுயேச்சையாக உலவும்போது நஞ்சாகின்றது. கலன்களை விரித்துவைக்கும் நைத்திரிக் ஒட்சைட்டை அது கவர்ந்தழிப்பதால் கலன்கள் சுருங்குகின்றன. சிறுநீரகத்தில் வடிந்து சிறுகுழாய்களை அடையும்போது அதன் இரும்பு அங்குள்ள கலங்களை எரிக்கின்றது. சீனாவின் சியான் நகரில் வால்வு மாற்றுச் சத்திரசிகிச்சை பெற்ற 244 பேருக்கு இயந்திரத்தின் வழியாகவும் பின்னர் சுவாசத்தின் வழியாகவும் நைத்திரிக் ஒட்சைட்டு வாயுவைக் கொடுத்தும் கொடாதும் ஒப்புநோக்கிய ஆய்வு 2018 இல் வெளிவந்தது. சிறுநீரகப் பாதிப்பு 64 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைந்தது. அந்நோயாளருட் பெரும்பாலானோர் மூட்டுவாதக் காய்ச்சலினால் வால்வு பழுதுற்றவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. நெருக்கடியான வீடுகளிலும் வைத்திய வசதி அரிதான ஊர்களிலும் வளரும் பிள்ளைகளின் நோய் அது. செல்வந்த நாடுகளின் ஆய்வுகளிலே இத்தகைய நோயாளரைக் காண்பது அரிது.

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய நாட்களிலும் அபாயம் தொடர்கின்றது. களைத்த இருதயம் போதிய குருதியை அனுப்பாமையை எல்லோரும் அறிவர். அதன் மறுபக்கம் அடிக்கடி மறக்கப்படுகின்றது. சிறுநீரகத்தினூடாகக் குருதியைச் செலுத்துவது நாடியமுக்கத்துக்கும் நாளவமுக்கத்துக்கும் இடையிலான வேறுபாடே. வலப்புற இருதயம் தளர்ந்து நாளங்களிற் குருதி தேங்கினால், கடினமான உறைக்குள் அடங்கிய சிறுநீரகம் வீங்கவும் இடமின்றி நெரிபடும். குருதியமுக்கம் குறைந்துவிட்டதென மேலும் மேலும் சேலைன் ஏற்றுவது அத்தகைய நோயாளரிடத்து எரியும் நெருப்புக்கு எண்ணெய் வார்ப்பதாக முடியும்.

இனி, இப்பாதிப்பை மருத்துவம் எவ்வாறு இனங்கண்டது என்பதைப் பார்ப்போம். அவ்வரலாறு போரில் தொடங்குகின்றது. 1940-41 இல் இலண்டன் மீது குண்டுகள் வீழ்ந்தபோது இடிபாடுகளில் மணிக்கணக்காகக் கால் நசுங்கிக் கிடந்தவர்கள் மீட்கப்பட்டனர். முதலிலே தேறிவருவார் போலத் தோன்றிய அவர்களுக்குச் சிறுநீர் குறைந்தது. ஒரு வார காலத்துள் இறந்தனர். எரிக் பைவோட்டர்சும் டெஸ்மன்ட் பீலும் 1941 இல் இதனை விவரித்தனர். நசுங்கிய தசையிலிருந்து வெளிப்பட்ட நிறப்பொருள் சிறுகுழாய்களை அடைத்திருந்தது. ஈமோகுளோபினின் உறவுப்பொருள் அது. குண்டு வீச்சும் இருதய-நுரையீரல் இயந்திரமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரமானவை! ஆயினும் சிறுகுழாய்க் கலத்தின் நிலையில் நின்று நோக்கின் இரண்டும் அண்டை வீட்டாரே.

அதே போரின்போது நாஜிகளின் ஆக்கிரமிப்புக்கு உட்பட்டிருந்த ஒல்லாந்தின் கம்பன் என்னும் சிறு நகரிலே, வில்லெம் கொல்ஃப் 1943 இல் சுழலும் உருளையொன்றின் மேல் செலோபேன் குழாயைச் சுற்றிக் குருதியைச் சுத்திகரிக்கும் கருவியை உருவாக்கினார். அக்குழாய் இறைச்சித் தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்பட்டது. முதலிற் சிகிச்சை பெற்றோர் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். 1945 இல் உயிர் தப்பிய முதலாமவர் 67 வயதுப் பெண். நாஜிகளுக்கு உடந்தையாயிருந்தமைக்காகச் சிறைவைக்கப்பட்டிருந்தவர். நோயாளி யாரென்று பாராத மருத்துவ அறத்துக்கு இதனிலும் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை.

1951 இல் ஹோமர் சிமித் தமது பெருநூலில் சடுதியான சிறுநீரகச் செயலிழப்பு என்னும் தொடரை வழக்கிற்குக் கொணர்ந்தார். அரை நூற்றாண்டு அத்தொடர் நிலவியது. ஆனால் எந்நிலையைச் செயலிழப்பு எனலாம் என்பதில் ஒருமைப்பாடு இருக்கவில்லை. ஒவ்வோர் ஆய்வாளரும் தத்தமக்கு வசதியான எல்லையை வகுத்தனர். குருதிச் சுத்திகரிப்பு வேண்டப்படாத பாதிப்பெல்லாம் சிறு பிசகாகத் தள்ளிவைக்கப்பட்டது. 2004 இல் வியன்னாவில் இருதய சத்திரசிகிச்சை பெற்ற 4,118 பேரைப் பற்றிய ஆய்வு இவ்வலட்சியத்தை உலுக்கியது. சத்திரசிகிச்சையின் பின் இரு நாட்களுள் குருதியின் கிரியற்றினின் தெசிலீற்றருக்கு 0.5 மில்லிகிராம் வரையிலான சிற்றளவிலே உயர்ந்தோரிடத்தும் முப்பது நாள் மரணவீதம் இருமடங்குக்கு மேலாயிற்று. ஆய்வுகூடத் தவறென ஒதுக்கப்பட்டு வந்த ஏற்றம் அது.

அதே 2004 இலும் பின்னர் 2007 இலும் வரைவிலக்கணங்கள் வகுக்கப்பட்டு, 2012 இல் இன்றைய சர்வதேச வரைவிலக்கணம் உருப்பெற்றது. 48 மணித்தியாலங்களுள் கிரியற்றினின் 0.3 மில்லிகிராம் உயர்தல், அன்றேல் ஏழு நாட்களுள் முன்னைய அளவின் ஒன்றரை மடங்காதல், அன்றேல் ஆறு மணித்தியாலங்களாக உடல் நிறையின் கிலோகிராமுக்கு மணித்தியாலமொன்றில் 0.5 மில்லிலீற்றருக்குக் குறைவாகச் சிறுநீர் வெளியேறுதல் ஆகியவற்றுள் யாதேனும் ஒன்று போதும். இவற்றுடன் பெயரும் மாறிற்று. செயலிழப்பு என்ற சொல் நீங்கிப் பாதிப்பு என்ற கருத்துடைய சொல் வந்தது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபாடுடையோர் இதனைக் கவனித்தல் நன்று. செயலிழப்பு என்பது முடிவைச் சுட்டும் சொல். அதனைக் கேட்டபின் செய்வதற்கு அதிகமில்லை. பாதிப்பு என்பது நடந்துகொண்டிருப்பதைச் சுட்டுகின்றது. சொல் மாறியபோது வைத்தியர் நோக்கும் நேரமும் முன்னே நகர்ந்தது.

இருப்பினும் அளவுகோல் கிரியற்றினினாகவே இருக்கின்றது. இது தசையிலிருந்து பிறக்கும் கழிவுப்பொருள். சிறுநீரகத்தின் நிலையை நேரடியாகச் சொல்வதன்று, ஊகிக்க உதவுவது. வடிதல் இன்று காலை நின்றுவிட்டாலும் குருதியில் அது தேங்கி உயர ஒரு நாளோ இரு நாளோ செல்லும். இயந்திரத்தின் திரவத்தால் குருதி ஐதாகியிருப்பின் ஏற்றம் மேலும் மறைக்கப்படும். சிறுநீரகத்திகளிற் பாதி போனாலும் எஞ்சியவை மேலதிகமாக உழைத்து ஈடுகட்டும். தம் சிறுநீரகங்களுள் ஒன்றைத் தானம் செய்தவரின் கிரியற்றினின் பெரும்பாலும் வழமையான எல்லைக்கு அண்மையிலேயே நிற்பதை நாம் அறிவோம்.

இவையெல்லாவற்றினும் பாரதூரமானது தசை பற்றிய விடயம். வறுமையிலும் போசாக்கின்மையிலும் உழன்று மெலிந்த முதிய பெண்ணொருத்தியை எடுத்துக்கொள்வோம். அவளுடைய உடலிற் தசை சொற்பம். ஆகவே கிரியற்றினினும் சொற்பம். சத்திரசிகிச்சைக்கு முன் அது 0.5 மில்லிகிராம் என வைத்துக்கொள்வோம். பின் இரண்டாம் நாள் 0.8 ஆகின்றது. 0.6 தொடக்கம் 1.2 வரை வழமையென அச்சிடப்பட்ட அறிக்கைத்தாளில் அவ்விலக்கத்துக்கு எவ்விதக் குறியீடும் இடப்படமாட்டாது. முந்திய இலக்கத்தைத் தேடியெடுத்து ஒப்பிடாதவர் அவள் நலமாயிருக்கின்றாள் என்றே கொள்வர். வரைவிலக்கணப்படியோ அவள் முதலாம் படிநிலைப் பாதிப்புக்கு உட்பட்டுவிட்டாள். கட்டுடலுடைய ஓர் ஆணின் 1.1 ஆன இலக்கம் 1.4 ஆகுமிடத்து அறிக்கைத்தாளே அபாயத்தை அறிவித்துவிடும். ஏற்றம் ஒன்றே, மேலும் விகிதப்படி நோக்கின் அவளுடைய இழப்பே பெரிது. கவனம் பெறுபவன் அவன்.

அளவுகோல்களிலே சமூகம் புகுந்திருப்பதற்கு இன்னுமோர் உதாரணம் கூறுவோம். கிரியற்றினினிலிருந்து வடிதல் வீதத்தைக் கணிக்க அமெரிக்காவில் 1999 முதல் வழங்கிய சூத்திரங்களில், நோயாளி கறுப்பினத்தவராயின் விடையை ஒரு காரணியாற் பெருக்கிக் கூட்டும் வழக்கம் இருந்தது. அதனால் அவர்களுடைய சிறுநீரகங்கள் உள்ளதினும் நன்றாயிருப்பதாகக் காட்டப்பட்டன. மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் அவர்கள் இடம்பெறுவது பிந்தியது. 2021 இலேயே இனக் காரணி நீக்கப்பட்ட சூத்திரம் வெளியிடப்பட்டது. இலக்கம் என்பதனால் மட்டும் ஒன்று நடுநிலையானதாகிவிடாது.

சிகிச்சையின் வரலாற்றுக்கு வருவோம். அது பெரும்பாலும் ஏமாற்றத்தின் வரலாறே. சிறுநீர் குறைந்தால் சிறுநீரைப் பெருக்கும் மருந்து கொடுப்பது இயல்பான எண்ணம். 2000 ஆம் ஆண்டில் இருதய சத்திரசிகிச்சை பெற்ற 126 பேரிடத்துச் செய்யப்பட்ட ஆய்வில் புரோசமைட்டு பெற்றோரின் சிறுநீரகம் பெறாதோரினும் சீர்கெட்டது. சிறுநீரகக் கலன்களை விரிக்குமென நம்பித் தலைமுறைக்காலமாகச் சிறிதளவில் ஏற்றப்பட்டு வந்த டோபமீனை அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 328 நோயாளரிடத்துச் சோதித்தபோது, அதே 2000 இல், பயனில்லையெனத் தெளிவாயிற்று. கொலத்தரோலைக் குறைக்கும் மருந்துகள் அழற்சியையும் தணிக்கும், ஆதலின் சிறுநீரகத்தைக் காக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. சீனாவில் 1,922 பேரிடத்து ரொசுவாஸ்ரற்றினை ஆராய்ந்து 2016 இல் வெளியிட்டனர். மருந்து பெற்றோருள் 24.7 சதவீதத்தினரும் பெறாதோருள் 19.3 சதவீதத்தினரும் பாதிப்புற்றனர்! காக்குமென நம்பியது கேடு செய்தது.

அப்புரோற்றினின் என்னும் மருந்தின் கதை வேறொரு வகையிற் படிப்பினை தருவது. குருதிப்பெருக்கைக் குறைப்பதற்காக உலகெங்கும் இருதய சத்திரசிகிச்சைகளில் அது பரவலாகப் பயன்பட்டது. சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்கின்றதென 2006 இல் பெரிய அவதானிப்பு ஆய்வொன்று கூறியது. கனடாவில் நடந்துகொண்டிருந்த ஒப்பீட்டாய்வு மரணங்கள் கூடுவதைக் கண்டு இடைநிறுத்தப்பட, 2007 இல் விற்பனை நிறுத்தப்பட்டது. 2012 இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் சான்றுகளை மீளாய்ந்து மட்டுப்படுத்தப்பட்ட தேவைக்கு அதனை அனுமதிக்கலாம் என்றது. மருந்து நல்லதா தீயதா என்பது இன்னும் விவாதத்துக்குரியதாகலாம். ஆனால் பல ஆண்டுகளாக இலட்சக்கணக்கானோருக்குக் கொடுக்கப்பட்ட பின்னர் அவ்வினா எழுந்தமைதான் உறுத்துகின்றது.

இயந்திரமே கேடெனில் இயந்திரத்தை ஒதுக்கிவிட்டாலென்ன? துடிக்கும் இருதயத்தின் மீதே முடியுருநாடி மாற்றுவழியை அமைக்கும் முறையும் உண்டு. 4,752 பேரை உள்ளடக்கிய சர்வதேச ஒப்பீட்டாய்வு 2012 இல் வெளிவந்தது. துடிக்கும் இருதய முறையில் 28.0 சதவீதமும் இயந்திர முறையில் 32.1 சதவீதமும் சடுதியான சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது. வெற்றியெனவே தோன்றும். ஆனால் அவர்களுள் ஏறத்தாழ மூவாயிரம் பேரை ஓராண்டு தொடர்ந்து நோக்கியவர்கள் 2014 இல் வேறு செய்தி கூறினர்: ஓராண்டின் முடிவிற் சிறுநீரகத் தொழிற்பாடு இரு சாராரிடத்தும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இதனைக்கொண்டு சடுதியான பாதிப்பு பொருட்டல்ல என்று சிலர் வாதிப்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. மிதமான பாதிப்புகளிற் சில தாமாகவே ஆறுவன என்பதும், ஆறுவனவற்றையும் வடுவாக எஞ்சுவனவற்றையும் கிரியற்றினின் பிரித்துக்காட்ட வல்லதல்ல என்பதுமே அதிலிருந்து பெறத்தக்கன.

குருதிச் சுத்திகரிப்பை முந்தித் தொடங்குவது நன்றோ என்ற வினாவும் இவ்வாறே தீர்ந்தது. ஜேர்மனியின் ஒரே வைத்தியசாலையில் 231 பேரிடத்து முந்தித் தொடங்கியமை உயிர்காத்ததென 2016 இல் கூறப்பட்டது. பல நாடுகளிலும் ஏறத்தாழ மூவாயிரம் பேரிடத்து நடாத்தி 2020 இல் வெளியிட்ட ஆய்விலோ மரணவீதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. தொண்ணூறாவது நாளிலும் இயந்திரத்தைச் சார்ந்திருந்தோர் முந்தித் தொடங்கப்பட்டோருள்ளேயே அதிகம். அவசரக் குறிகள் இல்லாதவிடத்துப் பொறுத்திருந்து பார்ப்பதே இன்று ஏற்புடைய வழி.

நம்பிக்கை தருவன இரண்டு. முதலாவது புதிய மருந்தேதுமில்லாதது. ஜேர்மனியின் மூன்ஸ்ரர் நகரில், சத்திரசிகிச்சை முடிந்து சில மணித்தியாலங்களிலேயே சிறுநீரில் இரு புரதங்களை அளந்து சிறுகுழாய்க் கலங்கள் இடருற்றிருப்போரை இனங்கண்டனர். அத்தகைய 276 பேருள் ஒரு சாராருக்கு, ஏற்கெனவே எல்லா வழிகாட்டிகளிலும் எழுதப்பட்டிருந்த கவனிப்பைத் தவறாது அளித்தனர்: குருதியோட்டத்தை நுணுகி நோக்குதல், சிறுநீரகத்துக்கு ஒவ்வாத மருந்துகளைத் தவிர்த்தல், சில குருதியமுக்க மருந்துகளை இரு நாட்களுக்கு நிறுத்தல், குருதியின் வெல்லத்தை அடக்கிவைத்தல். 2017 இல் வெளிவந்த முடிவுப்படி பாதிப்பு 71.7 சதவீதத்திலிருந்து 55.1 சதவீதமாகக் குறைந்தது. மரணவீதம் குறைந்ததாகக் காட்ட அவ்வாய்வு சிறிது. ஆயினும் வழமையான கவனிப்புக்கும் எழுதப்பட்ட கவனிப்புக்கும் இடையே எத்தகைய இடைவெளி இருந்ததென்பதை அது வெளிப்படுத்திற்று. இரண்டாவது, அமினோ அமிலங்கள். புரதவுணவின் பின் சிறுநீரகத்துக்கான குருதியோட்டமும் வடிதலும் கூடுவது நெடுநாளாய் அறியப்பட்டதே. இத்தாலியர் தலைமையில் மூன்று நாடுகளில் 3,511 பேரிடத்து, சத்திரசிகிச்சை தொடங்கி மூன்று நாள் வரை அமினோ அமிலங்களை நாளத்தினூடாக ஏற்றி ஆராய்ந்தனர். 2024 இல் வெளியான முடிவு: பாதிப்பு 31.7 இலிருந்து 26.9 சதவீதத்துக்கும், கடுமையான மூன்றாம் படிநிலைப் பாதிப்பு 3.0 இலிருந்து 1.6 சதவீதத்துக்கும் இறங்கின. மரணவீதம் மாறவில்லை. போசாக்குக்காக வைத்தியசாலைகளில் முன்னரே வழங்கிவரும் திரவத்தைக் கொண்டு இவ்வளவு பயன் கிட்டியமை குறிப்பிடத்தக்கது.

எமது நாட்டைப் பொறுத்தவரை விடயம் இன்னும் ஒரு படி சிக்கலானது. வட மத்திய மாகாணத்தின் விவசாயக் கிராமங்களில் 1990 களிலிருந்து காரணம் தெளிவாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் கண்டறியப்பட்டு வருகின்றது. நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ காரணமல்லாத இந்நோய் சிறுகுழாய்களையும் அவற்றிடை இழையத்தையுமே தாக்குகின்றது. ஆரம்பத்தில் நோயாளி எதனையும் உணர்வதில்லை. இருதய-நுரையீரல் இயந்திரம் தாக்குவதும் அதே சிறுகுழாய்களையே. வயலில் உழைத்து முடியுருநாடி அடைபட்ட நிலையில் வரும் ஒருவர், தம் சிறுநீரகத்தின் சேமிப்பை ஏற்கெனவே செலவழித்துவிட்டவராக இருக்கலாம். அவருடைய ஒற்றைக் கிரியற்றினின் இலக்கம் அதனைக் காட்டாது. சில மாத இடைவெளியில் எடுக்கப்பட்ட இரு இலக்கங்களும், சிறுநீரிற் புரதமுண்டா என்ற எளிய சோதனையும், சிறுநீரகத்தின் பருமனைப் பார்க்கும் ஸ்கானும் சேர்ந்தாலே ஓரளவு வெளிப்படும். முடியுருநாடிப் படத்துக்காக ஏற்றப்படும் சாயத்துக்கும் சத்திரசிகிச்சைக்கும் இடையே, நோயின் அவசரம் இடங்கொடுக்குமாயின், சில நாட்களாவது விடுவதும் செலவில்லாத காப்பே.

சர்வதேச சிறுநீரகவியற் சங்கம் 2025 அளவில் வறிய நாடுகளிலும் தடுக்கக்கூடிய சடுதியான சிறுநீரகப் பாதிப்பினால் எவரும் இறத்தலாகாது என்னும் இலக்கை முன்வைத்திருந்தது. அவ்வாண்டு கடந்துவிட்டது, மரணங்கள் நின்றபாடில்லை. வறுமையிலிருந்து பிறக்கும் மரணங்களை வைத்தியச் சங்கமொன்றின் தீர்மானம் நிறுத்திவிடும் என எதிர்பார்த்தவர் எவருமிலர். ஆயினும் தீவிர சிகிச்சைக் கட்டிலருகே நிகழவேண்டியதற்குப் பெருமுதல் வேண்டியதில்லை. 50 கிலோகிராம் நிறையுடையவருக்கு மணித்தியாலமொன்றில் 25 மில்லிலீற்றர், ஆறு மணித்தியாலத்தில் 150 மில்லிலீற்றர். கட்டிலின் கீழே தொங்கும் பையைத் தாதியொருவர் மணிக்கு மணி குனிந்து பார்த்து எழுதினால் கிரியற்றினினுக்கு ஒரு நாள் முன்னதாகவே செய்தி கிடைத்துவிடும். அத்தாதி ஒரே இரவில் எத்தனை கட்டில்களைப் பார்க்கவேண்டியவர் என்பதைப் பொறுத்தது அது. சிறுநீர்ப் பை பற்றிய வினா ஆளணி பற்றிய வினாவாக மாறும் இடம் இதுவே.

வைத்தியசாலையை விட்டு வெளியேறிய பின் நடப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. பாதிப்புற்றோரின் சிறுநீரகம் மீண்டதா, நாட்பட்ட நோயாயிற்றா என்பதை மூன்று மாதங்களின் பின் மீளச் சோதித்து அறியவேண்டுமென 2012 இன் வழிகாட்டி கூறுகின்றது. நோயாளி திரும்பிச் செல்வது இருதயக் கிளினிக்குக்கு. மார்பெலும்பு பொருந்தியதா, காயம் ஆறியதா, குருதி உறையும் நேரம் சரியா என்பன அங்கே பார்க்கப்படும். கையிற் கொடுத்தனுப்பிய அட்டையில் மாற்றுவழிகளின் தொகை எழுதப்பட்டு, இரண்டாம் நாளின் கிரியற்றினின் எழுதப்படாதிருப்பின், அதன்பின் அவரைப் பார்க்கும் எவருக்கும் அவ்வேற்றத்தைப் பற்றித் தெரிய வழியில்லை. ஆறு மாதங்களின் பின் முழங்கால் வலியோடு ஊர் மருந்தகத்துக்குச் செல்வார். அங்கே அவருக்குச் சிறுநீரகத்தின் குருதியோட்டத்தைக் குறைக்கும் வலிநிவாரணி இரு வாரங்களுக்குக் கொடுக்கப்படும்.